பதினொன்று நாற்பது

செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றில்
படிக்கட்டின் கீழே
சாமிப் படத்துக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவில்
நான் பார்த்துக்கொள்ளும் கணினி இருக்கிறது.
அதை நான் பார்ப்பதே இல்லை.
வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்,
கறுப்புத் திரையில் அதன் சூட்டைப் படிக்கிறேன்.

லினக்ஸில் எல்லாமே கோப்பு.
வெப்பமும் ஒரு கோப்பு, அதில் ஒரே வரி:
52000.
ஆயிரத்தால் பிரிக்கவேண்டும் என்று தெரியாத முதல்நாள்
கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.

மூன்றாவது உணரி எப்போதும் நூற்றிருபத்தேழு பாகை.
"பத்தப் போகுதோ பிள்ளை?" என்றார் முதலாளி.
இல்லை ஐயா, அந்த ஊசியில் ஒன்றும் கொழுவவில்லை.
ஒன்றும் இல்லாத இடம்தான்
அவ்வளவு கொதிக்கிறது.
விளங்கியதுபோல் தலையாட்டினார்.
எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நிமிடத்துக்கு ஓர் எண்,
நாளைக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது.
கோடாக இழுத்துப் பார்த்தால்
கடை தெரிகிறது:
பத்து மணிக்குக் கதவு திறப்பது,
போயாவில் திறக்காதது,
வெள்ளிக்கிழமை ஆறரைக்கு
ஒன்றரைப் பாகை கூடுவது.
மூன்று வெள்ளி மண்டையை உடைத்துவிட்டு
நாலாம் வெள்ளி நூறாம் இலக்கப் பஸ்ஸில் நேரே போனேன்.
கணினியின் மூக்கடியில் சாம்பிராணித் தட்டு.
விசிறி அதை
பக்தியோடு உள்ளிழுத்துக்கொண்டிருந்தது.
தட்டை இரண்டடி நகர்த்தினோம். கோடு நேராயிற்று.

பதினொன்று நாற்பது மட்டும் நேராகவில்லை.
கடை பூட்டி, ஏ.சி. அணைந்து,
ஐம்பத்தெட்டுவரை ஏறி நின்ற சூடு
திடீரென்று படியிறங்கும்:
58
55
51
49.
நாலு ஐம்பதுக்கு, பாங்கு சொல்லுமுன், மறுபடி ஏறும்.

மருதவீரன். இரவுக் காவல். ஊர் பொகவந்தலாவை.
"எங்க பக்கம் ஃபேனே கெடையாதுங்க மிஸ்" என்று
அன்றைக்குச் சாம்பிராணித் தட்டை ஏந்தியபடி சொன்னவர்.
கம்பளி போர்த்தி வளர்ந்த உடம்பு
கொழும்பு ஏப்ரலில், சீமெந்துத் தரையில்
புரண்டு புரண்டு என்ன செய்யும்?
ரிமோட் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருப்பது
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கரண்ட் பில்லோடு முதலாளி அழைத்தார்.
"ராவில ஆரோ ஏ.சி. போடீனம்போல கிடக்கு.
உங்கட மெஷினில தெரியுமோ?"

தெரியும்.
நாற்பத்தேழு இரவுகள், நிமிடம் பிசகாமல்.
திரை முழுக்க விரிந்து கிடந்தது
ஓர் ஆளுடைய நித்திரையின் எக்ஸ்ரே.

"மெஷினுக்குக் குளிர் வேணும் ஐயா.
நான்தான் போடச் சொன்னது."
முழுப் பொய்யும் இல்லை,
சூடு குறைந்தால் வட்டுக்கு ஆயுள் கூடும்.
கொஞ்சநேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"எண்டால் இருபத்தாறில போடச் சொல்லுங்கோ."

அதன்பின் 58, 56, 54, 53.
ஆழம் குறைந்த நித்திரை, ஆனாலும் நித்திரை.

நேற்றிரவு பதினொன்று நாற்பது: 58.
நாற்பத்தைந்து: 58.
பன்னிரண்டு: 58.
எழுபதைத் தொட்டால்தான் எச்சரிக்கை கத்தும்;
அந்த எழுபதை எழுதியவள் நான்.
விசிறி சரி. வட்டு சரி. மின்னழுத்தம் சரி.
மூன்றாவது உணரி வழமைபோல் நூற்றிருபத்தேழு.
கேட்டதெல்லாம் சொல்லும் இந்த இயந்திரத்திடம்
ஆளை விசாரிக்க ஒரு கட்டளை இல்லை.
அவருடைய போன் நம்பரும் என்னிடம் இல்லை.
இத்தனை இரவு அவர் தூங்கியதைப் பார்த்தவள்
பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதில்லை.

பன்னிரண்டு பதினேழு: 57.

ஒரு பாகை.
செட்டியார் தெருவில் மழையாகவும் இருக்கலாம்.
யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினேன்.
காலி வீதியில் வெறும் பஸ் ஒன்று போனது.
இங்கே மழை இல்லை.

57.